குழாய்த் தண்ணீரில் கோளாறா? மெஷின் வாங்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ப் பொறுப்பு சில வருஷங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. நான் பிளம்பரும் இல்லை, வேதியியல் படித்தவனும் இல்லை. ஒரே கோளாறை வீடு வீடாகப் பார்த்துப் பழகிப்போனவன், அவ்வளவுதான். "தண்ணி சரியில்லை" என்று யாராவது கூப்பிட்டால் நான் திருப்பிக் கேட்பது நாலே கேள்வி. சுடுதண்ணீரில் மட்டுமா, பச்சைத் தண்ணீரிலுமா? ஒரு குழாயிலா, வீடு முழுக்கவா? காலையில் முதல் முறை திறக்கும்போதா, நாள் முழுக்கவா? பக்கத்து வீட்டில் எப்படி? இதற்குப் பதில் கிடைத்தாலே கோளாறு ஹீட்டரிலா, வீட்டுப் பைப்பிலா, டேங்கிலா, இல்லை வருகிற தண்ணீரிலேயேவா என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆனால் பலர் இதைப் பார்க்காமல் நேராக சாஃப்டனர், ஆர்ஓ என்று மெஷின் வாங்கப் போய்விடுகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு கண்ணாடி டம்ளர், மூடி போட்ட கண்ணாடி பாட்டில், வெள்ளை வினிகர், சொட்டு எண்ணிப் பார்க்கும் கடினத்தன்மை கிட். டிடிஎஸ் மீட்டர் இருந்தால் இருக்கட்டும், ஆனால் அதை வைத்துக் கடின நீரா மென்நீரா என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து அது ஒரே எண்ணாகக் காட்டுகிறது. சோப்பைக் கெடுப்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும்தான், கடினத்தன்மை என்பது இவைதான். சாஃப்டனர் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது, அதனால் சாஃப்டனருக்கு முன்னும் பின்னும் டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். "மீட்டரில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை, மெஷின் டுபாக்கூர்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

## சோப்பு நுரைக்கவில்லை, முடி கயிறு மாதிரி ஆகிறது

முதலில் பாட்டில் சோதனை. பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டு, மூடிப் பத்து விநாடி குலுக்குங்கள். ஷாம்புவோ டிடர்ஜெண்டோ வேண்டாம், அவை கடின நீரிலும் நுரைத்து ஏமாற்றும். மேலே நுரை கட்டி நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் கடினத்தன்மை பிரச்சினை இல்லை. நுரை வந்த வேகத்தில் அமுங்கி, தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி, திரி திரியாக மிதந்தால் கடின நீர். பக்கத்திலேயே மழைத்தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ இதையே செய்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

எண் வேண்டும் என்றால் கிட். தண்ணீர் சிவப்பாக மாறும், சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சட்டென்று நீலமாகும், எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. கால்சியம் கார்பனேட் அளவில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்மை, 120 வரை மிதம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம்.

சாஃப்டனர் இல்லாத வீடு என்றால்

திடீரென்று ஆரம்பித்ததா, எப்போதுமே இப்படித்தானா? திடீரென்று என்றால் வருகிற தண்ணீர் மாறியிருக்கிறது: விநியோகத் தண்ணீரோடு ஆழ்துளைத் தண்ணீரைக் கலக்கும் இடங்களில் கலக்கும் அளவு மாறினாலே நுரை போய்விடும். பக்கத்து வீட்டிலும் அதே கதை என்றால் விநியோகம் பார்ப்பவர்களிடம் கேளுங்கள். எப்போதுமே இப்படித்தான் என்றால் சாஃப்டனரைப் பற்றி யோசிக்கலாம், ஆனால் ஒருநாள் பார்த்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். வாரம் ஒரு தடவை வீதம் ஒரு மாதமாவது அளந்து எழுதி வைத்து, அதில் பெரிய எண்ணை விற்பவரிடம் சொல்லுங்கள்.

சாஃப்டனர் இருந்தும் நுரைக்கவில்லை என்றால்

இதுதான் எனக்கு அதிகம் வரும் போன். இந்த வரிசையிலேயே பாருங்கள், வரிசையை மாற்றினால் காசு போகும்.

பைபாஸ் வால்வு முதலில், அதாவது தண்ணீரை மெஷினுக்குள் விடாமல் நேராக வீட்டுக்கு அனுப்பும் வால்வு. ஒரு வீட்டில் மூன்று வாரம் நுரை இல்லை, ரெசின் (கடினத்தன்மையைப் பிடிக்கும் உருண்டைகள்) போய்விட்டது என்று ஒரு டெக்னீஷியன் சொல்லிவிட்டார், மாற்றத் தேதியும் குறித்தாகிவிட்டது. நான் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். மெஷினுக்குப் பின்னால் இருந்த கைப்பிடி குறுக்கே கிடந்தது. சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர் மெஷினுக்குப் போகும் தண்ணீரை நிறுத்தத் திருப்பியிருக்கிறார், திரும்ப வைக்க மறந்துவிட்டார். கைப்பிடியிலேயே பெயிண்ட் துளி இருந்தது.

அடுத்து உப்பு. மூடியைத் திறந்தால் உப்பு நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும், அங்கேதான் ஏமாறுவோம். ஈரத்தில் மேலே உள்ள உப்பு இறுகிப் பாலம் மாதிரி நின்றுவிடும், கீழே வெற்றிடம், தண்ணீர் உப்பைத் தொடவே தொடாது. துடைப்பக் கட்டையைத் தலைகீழாகப் பிடித்து நடுவில் மெதுவாகக் குத்துங்கள். கெட்டியாகத் தடுத்து, அழுத்தியதும் பொத்தென்று உள்ளே இறங்கினால் பாலம்தான். உடைத்துவிட்டு, கட்டிகளை அள்ளிவிட்டு, கையால் ஒரு ரீஜெனரேஷன் (உப்புத்தண்ணீரால் ரெசினைக் கழுவும் சுற்று) ஓட்டுங்கள். இரும்புக் கம்பியால் குத்த வேண்டாம், தொட்டி ஓட்டையாகிவிடும். இனிமேல் தொட்டியில் பாதிக்கு மேல் உப்பு நிரப்பாமல் இருந்தால் பாலம் கட்டுவது குறையும்.

அப்புறம் கடிகாரம். பெரும்பாலான மெஷின்கள் ராத்திரி யாரும் தண்ணீர் புழங்காத நேரத்தில்தான் தன்னைக் கழுவிக்கொள்ளும். கரண்ட் போய்வந்து கடிகாரம் தப்பினால், காலையில் நீங்கள் குளிக்கிற நேரத்தில் அது கழுவிக்கொண்டிருக்கும், உங்களுக்கு வருவது சுத்திகரிக்காத தண்ணீர். "காலையில் மட்டும் நுரை இல்லை, சாயங்காலம் சரியாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் நேரே கடிகாரத்தைத்தான் பார்ப்பேன். கூடவே கடினத்தன்மை செட்டிங்கையும் பாருங்கள், தண்ணீர் மாறியும் பழைய எண்ணிலேயே நிற்கலாம்.

இதெல்லாம் சரி, ஆனால் உப்புத் தொட்டியில் தண்ணீர் குறையவே இல்லை, உப்பும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது என்றால் உப்புத்தண்ணீரை உறிஞ்சும் இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். கையேடு இருந்து, ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தால் நீங்களே கழற்றிக் கழுவலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ரீஜெனரேஷன் முழுதாக ஓடி முடிந்த மறுநாளும் மெஷினுக்குப் பின்னால் கடினத்தன்மை முன்னால் உள்ளதற்குப் பக்கத்திலேயே இருந்தால், அல்லது குழாயில் மஞ்சள் மணல் மாதிரிச் சின்னச் சின்ன உருண்டைகள் வந்தால். அந்த உருண்டைதான் ரெசின், உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. பைபாஸ் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

## குழாய், ஷவர், கண்ணாடியில் வெள்ளைப் படிவு

படிவின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. ஷவரில் பாதி ஓட்டை அடைத்துத் தண்ணீர் சுவரில் கோணல்மாணலாக அடிக்கிறதா? பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு மணி நேரம் விட்டு, பழைய டூத்பிரஷால் தேய்த்தால் போதும். பித்தளை, தங்க முலாம் பூசிய குழாய்க்கும் மார்பிள் கல்லுக்கும் வினிகர் ஆகாது.

பாத்ரூம் ஆசிட் ஊற்றித் தேய்ப்பவர்களிடம் ஒன்றே ஒன்று: ஆசிடையும் பிளீச்சையும் ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாகக்கூட, ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது விளையாட்டில்லை.

தண்ணீரிலேயே வெள்ளைத் துகள் மிதந்தால் அதையும் வினிகரில் போட்டுப் பாருங்கள். கரைந்தால் ஹீட்டரிலிருந்து பெயர்ந்து வரும் சுண்ணாம்பு. கரையாமல் தட்டையாக, வழவழப்பாக இருந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் சிதைந்துகொண்டிருக்கலாம், அதற்கு ஆள்தான்.

ஹீட்டர் கடகடவென்று சத்தம் போட்டால் அடியில் படிவு கட்டி, அதற்குள் சிக்கிய தண்ணீர் கொதிக்கிறது. சூட்டை 60 டிகிரி செல்சியஸ் பக்கம் வையுங்கள். சூடு ஏற ஏறப் படிவு வேகமாகக் கட்டும், அதற்காக ரொம்பக் குறைத்தால் கிருமி வளரும். மெயின் ஸ்விட்சை அணைத்து, ஆறவிட்டு, அடித் தண்ணீரை வடித்தால் சின்னப் படிவு வெளியே வந்துவிடும். வடித்தும் சத்தம் நிற்கவில்லை, தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது, பாதுகாப்பு வால்வு ஓயாமல் சொட்டுகிறது, இதில் எது ஒன்று இருந்தாலும் ஸ்விட்சை அணைத்தபடி விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஷாக் விஷயத்தில் "நாளைக்குப் பார்க்கலாம்" கிடையாது.

## தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வருகிறது

பாதிப் பேர் பதறுவது இதற்குத்தான், பாதி நேரம் ஒன்றுமே இருக்காது. கண்ணாடி டம்ளரில் பிடித்து மேஜையில் வைத்து இரண்டு நிமிஷம் பாருங்கள். அடியிலிருந்து மேலே தெளிந்துகொண்டு வந்தால் காற்றுக் குமிழி. பைப் வேலை நடந்த பிறகு, மோட்டார் காற்றை இழுக்கும்போது வரும். மேலிருந்து கீழே தெளிந்து அடியில் மண்டி தங்கினால் படிவோ மண்ணோ: டேங்கைத் திறந்து பாருங்கள். தெளியவே இல்லை என்றால் குடிக்காமல் நிறுத்தி, சோதனைக்குக் கொடுங்கள்.

## மஞ்சள், பழுப்பு, கறுப்பு, நீலம்

முதலில் ஃபிளஷ் டேங்க் மூடியைத் தூக்குங்கள். வீட்டுக்குள் என்ன தண்ணீர் வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது, மாதக்கணக்கில் வந்ததெல்லாம் அங்கே படிந்திருக்கும். அடியில் பழுப்புச் சேறு என்றால் துரு அல்லது மண். சுவரில் ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று ஜெல்லி மாதிரி இருந்தால் இரும்பைத் தின்று வளரும் பாக்டீரியா. கறுப்புப் பூச்சு என்றால் மாங்கனீசு.

சுடுதண்ணீரில் மட்டும் பழுப்பு: ஹீட்டர் தொட்டி உள்ளே துருப்பிடிக்கிறது. வடித்துப் பாருங்கள், வடித்தும் ஒரு வாரத்தில் திரும்பினால் ஆனோடு கம்பி (தொட்டிக்குப் பதில் தான் அரிந்து அதைக் காக்கும் கம்பி) தீர்ந்திருக்கும், தொட்டியும் போகலாம்.

காலையில் முதல் தண்ணீர் மட்டும்: உங்கள் வீட்டுப் பைப், அதிலும் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப். தெளியும் வரை ஓடவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் இது வயசான பைப்பின் இருமல், மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

எல்லாக் குழாயிலும் திடீரென்று: வெளியே மெயினில் வேலை நடந்திருக்கும், இல்லையென்றால் டேங்க் அடிமட்டம் வரை காலியாகி மண்டி கிளம்பியிருக்கும். தெளியும் வரை வெள்ளைத் துணியை நனைக்காதீர்கள், ஹீட்டரைப் போடாதீர்கள், சாஃப்டனரையும் ஃபில்டரையும் பைபாஸ் செய்யுங்கள். துருக்கறை பட்ட துணிக்குக் குளோரின் பிளீச் போட்டால் கறை நிரந்தரமாகிவிடும்.

பிடிக்கும்போது தெளிவு, பக்கெட்டில் வைத்தால் அரை மணியில் சிவப்பு: கரைந்த இரும்பு, ஆழ்துளைத் தண்ணீரில் சகஜம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பேசினிலும் கறை விழ ஆரம்பிக்கும். இதற்கு சாஃப்டனரை நம்பினால் கொஞ்ச நாளில் ரெசின் துருவேறி அதுவும் கெடும். இரும்புக்குத் தனி ஃபில்டர், அதற்கு அப்புறம் சாஃப்டனர்.

கறுப்புத் துணுக்கு, விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டினால்: குழாய்க்கு அடியில் இருக்கும் ரப்பர் இணைப்புக் குழாய் உள்ளே கரைகிறது. குளோரின் பட்டுப் பட்டு இப்படி ஆகும், ஹோஸை மாற்றினால் முடிந்தது.

பேசினில் நீலப்பச்சைக் கறை: செம்புப் பைப்போ பித்தளை இணைப்போ அரிக்கப்படுகிறது, தண்ணீரின் பிஹெச் குறைவாக, அதாவது அமிலத்தன்மை அதிகமாக இருக்கலாம். இரவெல்லாம் பைப்பில் நின்ற தண்ணீரைக் குடிக்கவேண்டாம், பிஹெச்சும் செம்பும் சோதனைக்குக் கொடுங்கள். பைப்போ, இணைப்பை ஒட்டிய உலோகமான சால்டரோ பழசு என்றால் ஈயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயத்துக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை.

குழாய் வாயில் ரோஜா நிறத்தில் வழவழப்பு இருந்தால் அது பெரும்பாலும் பாத்ரூம் காற்றிலிருந்து வந்து ஈரத்தில் வளர்வது, தண்ணீர்க் குற்றம் இல்லை. தேய்த்துக் கழுவுங்கள்.

## நாற்றம்

அழுகிய முட்டை வாடை. டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைவிட்டு வேறு அறைக்குப் போய் முகர்ந்து பாருங்கள். இது அல்பமாகத் தெரியும், ஆனால் செய்யுங்கள். ஒரு வீட்டில் வாஷ்பேசின் தண்ணீர் நாறுகிறது என்று டேங்கை இரண்டு தடவை கழுவியிருந்தார்கள். நான் டம்ளரோடு பால்கனிக்குப் போனேன், வாடையே இல்லை. நாறியது தண்ணீர் இல்லை, பேசினுக்குக் கீழே இருந்த வடிகால். புழங்காத பாத்ரூமில் தரை டிராப் (தண்ணீர் தேங்கி வாடையைத் தடுக்கும் வளைவு) காய்ந்து போனாலும் இதே கதை, ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

வெளியே கொண்டுபோயும் நாறினால், சுடுதண்ணீரில் மட்டுமா என்று பாருங்கள். மட்டும்தான் என்றால் ஹீட்டரில் உள்ள மக்னீசியம் ஆனோடு கம்பியும் அங்கே வளரும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை. கம்பியை அலுமினியம்-துத்தநாகக் கம்பியாக மாற்றச் சொல்லுங்கள். கம்பியையே எடுத்துவிட்டு மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தொட்டி துருப்பிடித்துப் போகும். இரண்டு தண்ணீரிலும் நாறினால் ஆழ்துளையிலேயே ஹைட்ரஜன் சல்பைடு, அதற்கு ஆள் வேண்டும்.

குளோரின் வாடை: பயப்பட வேண்டாம். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பாத்திரத்தில் திறந்து வைத்தால் வாடை குறையும். எப்போதும் வரும் வாடை திடீரென்று நின்றுபோனால்தான் நான் யோசிப்பேன்.

மண் வாடை, பாசி வாடை: டேங்க் மூடியைப் பாருங்கள், வெளிச்சம் உள்ளே போகிற இடத்தில் பாசி வளரும். வடித்து, தேய்த்து, கிருமிநாசினி போடுங்கள். ஆயிரம் லிட்டர் டேங்குக்கு 5 சதவீத பிளீச் ஒரு லிட்டர் ஊற்றினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். லேபிளில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கை மாற்றுங்கள், வாசனை சேர்த்த பிளீச் வேண்டாம். ஒரு நாள் வைத்திருந்து, முழுக்க வடித்து, வாடை போகும் வரை கழுவுங்கள். அந்த ஒரு நாள் வீட்டில் யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. குழாயில் ஒரு துணியைக் கட்டிவைத்தால் மறக்காது. சாஃப்டனரும் ஆர்ஓவும் பைபாஸில் இருக்கட்டும்.

சாக்கடை வாடை, அல்லது ஒரே வாரத்தில் பல வீட்டில் வயிற்றுப்போக்கு: இங்கே சோதனை எதுவும் வேண்டாம். குடிப்பதை நிறுத்துங்கள், தளதளவென்று கொதி வந்தபிறகு ஒரு நிமிஷம் கொதிக்கவிட்ட தண்ணீரை மட்டும் குடியுங்கள், பல் தேய்க்கவும் அதுவே. விநியோகம் பார்ப்பவர்களுக்கும் சுகாதாரத் துறைக்கும் உடனே சொல்லுங்கள். பெட்ரோல், தின்னர் வாடை என்றால் கொதிக்கவைப்பதும் வேண்டாம், ஆவியாக வீட்டுக்குள் பரவும்.

## ருசி மாறிவிட்டது

சாஃப்டனர் உள்ள வீட்டில் திடீரென்று உப்புக் கரித்தால், கழுவிய உப்புத்தண்ணீர் சரியாக வெளியேறவில்லை: கழிவுக் குழாய் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று பார்த்து இன்னொரு முறை ஓட்டுங்கள். லேசான வழுவழுப்பு, சப்பென்ற ருசி மென்நீருக்கு இயல்பு. சோடியம் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னவர்கள் கவனிக்க வேண்டியது: 100 மில்லிகிராம் கடினத்தன்மையை எடுத்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் சேரும். அவர்களுக்குச் சமையலறையில் சாஃப்டனருக்குப் போகாத தனிக் குழாய் ஒன்று வைத்துவிடுங்கள்.

ஆர்ஓ தண்ணீரின் ருசி மாறினால், அங்கேதான் டிடிஎஸ் மீட்டருக்கு வேலை. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அளந்து எழுதி வையுங்கள், இடைவெளி மாதாமாதம் குறுகினால் உப்பைத் தடுக்கும் மெம்பிரேன் தேய்கிறது. ஃபில்டரை மாற்றியும் குறுகினால் மெம்பிரேனை மாற்றுங்கள்.

## எந்த அறிகுறியும் இல்லை

நைட்ரேட், ஃப்ளூரைடு, ஆர்சனிக் மூன்றும் கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாது. ஆழ்துளைத் தண்ணீர் குடிப்பவர்கள் இதை லேபில் பார்த்தே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு நைட்ரேட் 50 மில்லிகிராம், ஃப்ளூரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம். நைட்ரேட் அதிகம் என்றால் கைக்குழந்தைக்குப் பால்பொடி கலக்க அந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது. கொதிக்க வைத்தால் இவை போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறும்.

கிருமிச் சோதனைக்குக் கொடுக்கும்போது லேப் தரும் பாட்டிலையே வாங்குங்கள். உள்ளே கொஞ்சம் பொடியோ ஒரு சொட்டோ இருக்கும், அழுக்கு என்று கழுவிவிடாதீர்கள், அது குளோரினை முறிக்கப் போட்டது. குழாய் முனையில் உள்ள வலையைக் கழற்றி, முனையைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டுப் பிடியுங்கள். ஈயச் சோதனைக்கு இதற்கு நேர்மாறு, இரவெல்லாம் பைப்பில் நின்ற முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். கிருமி மாதிரியை ஐஸ் பையோடு அன்றைக்கே லேபில் சேர்த்துவிடுங்கள். எந்தக் குழாய், டேங்குக்கு முன்னா பின்னா, எத்தனை மணிக்கு என்று பாட்டில் மேலேயே எழுதுங்கள். ஒருமுறை எழுதாமல் நாலு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எந்த ரிப்போர்ட் எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நாலு வீட்டுக்கும் மறுபடி நடந்தேன்.